போனில் சார்ஜ் ஏறுகிறது, கம்ப்யூட்டருக்கு மட்டும் போன் தெரியவில்லை

கேள்வி தாராவியிலிருந்து வந்திருக்கிறது. 90 அடி சாலைப் பக்கம் தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருக்கும் ஒரு தம்பி எழுதியிருக்கிறார். புதிதாகத் தைத்த பைகளை ஆண்ட்ராய்டு போனில் படம் எடுத்து, விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி, கேட்டலாக் தயாரித்து வியாபாரிகளுக்கு அனுப்புவது அவர் வழக்கம். பத்து நாளாகக் கேபிளைச் செருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது, கம்ப்யூட்டரில் போன் வருவதே இல்லை. தெருமுனை மொபைல் கடையில் "ஃபார்மேட் அடித்தால் சரியாகிவிடும்" என்கிறார்கள். கூட்டாளியின் ஐபோனும் அதே கம்ப்யூட்டரில் தகராறு செய்கிறதாம். "என்ன செய்யலாம் அண்ணே?" என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் அந்த ஃபார்மேட்டை நிறுத்துங்கள். ஃபார்மேட் அடித்தால் போனில் இருக்கும் படங்கள் போய்விடும். நீங்கள் காப்பாற்ற நினைப்பதே அந்தப் படங்களைத்தானே? செம்பூரில் இருபது வருஷமாக அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறேன். போன் கம்ப்யூட்டரில் வரவில்லை என்று என்னிடம் வந்தவர்களில் ஃபார்மேட் வரைக்கும் போக வேண்டியிருந்தவர் யாரும் என் நினைவில் இல்லை. பெரும்பாலும் கேபிள், இல்லாவிட்டால் போனில் கேபிள் செருகும் ஓட்டைக்குள் அழுக்கு, அதுவும் இல்லாவிட்டால் போனில் ஒரு தட்டு தட்ட மறந்தது.

"சார்ஜ்தான் ஏறுதே, அப்புறம் கேபிள் எப்படிக் கெட்டிருக்கும்?" என்று எல்லோரும் கேட்பார்கள். சாதாரண யூஎஸ்பி கேபிளை அறுத்துப் பார்த்தால் உள்ளே நான்கு கம்பிகள் இருக்கும். சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் தகவலுக்கு. சார்ஜ் ஏற முதல் ஜோடி போதும். கம்ப்யூட்டருக்குப் போனைத் தெரிய வேண்டுமானால் இரண்டாவது ஜோடியும் உயிரோடு இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு பாதை. வீட்டில் குழாயில் தண்ணீர் வருகிறது, அதனால் கரன்ட்டும் இருக்கும் என்று சொல்வோமா? அதே மாதிரிதான் இதுவும்.

மலிவான கேபிள் சிலவற்றில் அந்தப் பச்சையும் வெள்ளையும் இருக்கவே இருக்காது. பவர் பேங்க், புளூடூத் ஸ்பீக்கர், டிரிம்மர் இவற்றோடு வரும் குட்டிக் கேபிள்களில் இது சகஜம். சார்ஜ் ஏற்றத்தான் கொடுத்தார்கள், அதற்கு இரண்டு கம்பி போதும். நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். தாதரில் ஏறி குர்லா வருவதற்குள் லோக்கல் டிரெயினில் ஒருவர் தோளில் மாலை மாதிரித் தொங்கவிட்டு விற்ற கேபிளை வாங்கினேன். பார்க்க நல்ல தடிமன், மேலே துணி உறை வேறு. வீட்டில் அதை வைத்துக்கொண்டு அரை நாள் டிரைவர், அதாவது போனோடு பேச விண்டோஸுக்குத் தேவைப்படும் சின்ன மென்பொருள், அதை மாற்றினேன், விண்டோஸ் அப்டேட் போட்டேன், என்னென்னவோ செய்தேன். கடைசியில் எரிச்சலில் அறுத்துப் பார்த்தால் உள்ளே தலைமுடி மாதிரி இரண்டே கம்பி. கம்ப்யூட்டர் பார்ப்பதே தொழில் என்று சொல்லிக்கொள்கிற ஆளுக்கு அன்றைக்கு வந்த வெட்கம் கொஞ்சம் இல்லை.

அதனால் பரிசோதனையைக் கேபிளில் தொடங்குங்கள். போனோடு பெட்டியில் வந்த கேபிள் இருந்தால் அதைத் தேடி எடுங்கள். இல்லாவிட்டால், வேறு யாராவது இதே வாரம் படம் ஏற்றிய கேபிளை இரவல் வாங்குங்கள். "நல்லாத்தான் சார்ஜ் ஆகுது" என்பது சாட்சி ஆகாது. "இதுல நேத்து படம் ஏத்தினேன்" என்பதுதான் சாட்சி. செருகியதும் போனின் அறிவிப்புப் பகுதியை மேலிருந்து இழுத்துப் பாருங்கள். "யூஎஸ்பி மூலம் சார்ஜ் ஆகிறது, மேலும் விருப்பங்களுக்குத் தட்டவும்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தால், தகவல் கம்பிகள் பேசுகின்றன என்று வைத்துக்கொள்ளலாம். அந்த வரியே இல்லாமல் சுவர் சார்ஜரில் போட்ட மாதிரி பேட்டரிக் குறி மட்டும் வந்தால், கம்ப்யூட்டரை நோண்டாதீர்கள். தவறு பெரும்பாலும் கேபிளிலோ ஓட்டையிலோதான்.

புதிதாக வாங்குவதானால் மாஹிமில் ஏறி கிராண்ட் ரோடு இறங்கி, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோடுக்கு ஒரு நடை போய் வாருங்கள். கடையில் "சார்ஜிங் கேபிள்" என்று கேட்காதீர்கள், "டேட்டா கேபிள்" என்று கேளுங்கள். அங்கேயே கவுன்டரில் இருக்கும் கம்ப்யூட்டரில் உங்கள் போனைச் செருகிக் காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார். இன்னொன்று: 65 வாட், 100 வாட் என்று உறையில் போட்டிருப்பது மின்சாரக் கணக்கு. தகவல் வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 100 வாட் தாங்கும் கேபிள்கள் பலவற்றில் தகவல் ஓடுவது 2000ஆம் ஆண்டு வந்த யூஎஸ்பி 2.0 வேகத்தில்தான், அதாவது நொடிக்கு 480 மெகாபிட். உங்கள் பைப் படங்களுக்கு அதுவே தாராளம்.

சரி, கேபிள் நல்லது என்று தெரிந்துவிட்டது. அப்புறம் ஓட்டை. உங்கள் பட்டறையில் தோல் சீவும்போது பறக்கும் தூளும் நூல் பிசிறும் எங்கே போகும் என்று நினைக்கிறீர்கள்? பாதி உங்கள் சட்டைப் பைக்குள். அங்கே போன். லோக்கல் டிரெயின் நெரிசலில் நசுங்கி நசுங்கி அந்தத் தூள் போன் ஓட்டையின் அடியில் ஃபெல்ட் துணி மாதிரிப் படிந்துவிடும். கேபிள் முழுசாக உள்ளே போகாது. இதற்கு அடையாளம் சுலபம்: செருகிய பிறகு உலோகத் தலை ஒரு நகக்கண் அளவு வெளியே தெரியும், லேசாக ஆட்டினால் இணைப்பு விட்டுவிட்டு வரும், செருகும்போது "டிக்" என்ற பிடிப்பு இருக்காது.

சுத்தம் செய்ய போனை ஆஃப் பண்ணுங்கள். மரப் பல்குச்சியின் முனையைக் கொஞ்சம் சீவி மெல்லிசாக்கி, பக்கவாட்டுச் சுவரை ஒட்டி உள்ளே விட்டு மெதுவாக நெம்பி எடுங்கள். டைப் சி ஓட்டையின் நடுவில் ஒரு மெல்லிய நாக்கு இருக்கிறது, அதில்தான் பித்தளை நிறக் கோடுகள். அதை அழுத்திவிடாதீர்கள், உடைந்தால் செலவு. ஊசி, சேஃப்டி பின், சிம் தட்டு குத்தும் பின் எதுவும் வேண்டாம். வாயால் ஊதவும் வேண்டாம், எச்சில் ஈரம் உள்ளே போகும். எடுத்தால் எவ்வளவு வருகிறது என்று பாருங்கள், நீங்களே அசந்துபோவீர்கள்.

டைப் சியில் இன்னொரு வித்தை இருக்கிறது, கடைக்காரர்களில் பலருக்கே இது தெரியாது. அந்த ஓட்டையில் மொத்தம் 24 முனைகள், மேலே 12, கீழே 12. தகவல் ஜோடி போன் ஓட்டையில் இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆனால் கேபிள் தலையில் ஒரு பக்கம் மட்டும்தான். அதனால் தலையைத் திருப்பிச் செருகினால் போன் பக்கத்தில் வேறு ஜோடி முனைகளைத் தொடும். ஒரு பக்கம் அழுக்கோ தேய்மானமோ இருந்தால் மறுபக்கம் வேலை செய்யும். எப்படிச் செருகினாலும் ஒன்றுதான் என்று சொல்லி விற்ற சமாச்சாரம்தான், ஆனாலும் பழைய போனில் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். செலவு பூஜ்யம். திருப்பினால் மட்டும் வருகிறது என்றால் ஓட்டை தேயத் தொடங்கிவிட்டது என்று புரிந்துகொள்ளலாம்.

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். இப்போது வரும் போன்கள் பலவும் ஓட்டையில் ஈரம் இருப்பதை உணர்ந்தால் நீர்த்துளிப் படம் காட்டி இணைப்பை நிறுத்திவிடும். மழையில் நனைந்து வந்து உடனே செருகினால் இது நடக்கும். போனை ஓட்டை கீழ்ப்பக்கம் இருக்கும்படி பிடித்து உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டி, காற்றோட்டமான இடத்தில் அரை மணி நேரமாவது வையுங்கள். போகாவிட்டால் ஒரு நாள் பொறுங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்கும் வைத்தியம் வேண்டாம். ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் அரிசி வேண்டாம் என்று எழுதியிருக்கிறது, அரிசித் துகள் உள்ளே போய்விடும் என்பதால். சமையலறையில் இருக்க வேண்டியது சமையலறையிலேயே இருக்கட்டும்.

இனி போனின் அமைப்பு. கேபிளும் ஓட்டையும் நன்றாக இருந்தாலும் ஆண்ட்ராய்டு போன் தானாகக் கதவைத் திறக்காது. 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கம்ப்யூட்டரில் செருகியதும் "சார்ஜ் மட்டும்" என்ற நிலையில்தான் நிற்கும். போனின் பூட்டைத் திறந்து, நான் மேலே சொன்ன அறிவிப்பு வரியைத் தட்டி, "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூட்டைத் திறக்காமல் இருந்தால் சில போன்கள் கம்ப்யூட்டரில் பெயரை மட்டும் காட்டி உள்ளே காலியாக வைத்திருக்கும். படமெல்லாம் போச்சு என்று பதறி என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு. ஒன்றும் போகவில்லை, விரலை வைத்துத் திற என்பேன்.

முன்பெல்லாம் இப்படி இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். பழைய ஆண்ட்ராய்டு போன்கள் பென்டிரைவ் மாதிரி நடந்துகொண்டன. செருகினால் போனின் நினைவகம் மொத்தமும் கம்ப்யூட்டர் கைக்குப் போய்விடும், அந்த நேரத்தில் போன் தன் படங்களையே பார்க்க முடியாது. நடுவில் கேபிளைப் பிடுங்கினால் கோப்புகள் சிதைந்துவிடும் ஆபத்தும் இருந்தது. அதனால் எம்டிபி என்ற முறைக்கு மாறினார்கள். இதில் கம்ப்யூட்டர் நேராகக் கை வைப்பதில்லை, "இந்தப் படத்தைக் கொடு" என்று கேட்கும், போன் எடுத்துக் கொடுக்கும். ரேஷன் கடை வரிசை மாதிரி ஒரு நேரத்தில் ஒரு வேலை. பாதுகாப்பு கூடிற்று, வேகம் குறைந்தது. போன் சம்மதிக்காமல் கம்ப்யூட்டர் ஒன்றும் பார்க்க முடியாது என்ற நிலை எனக்குப் பிடிக்கும். ரயில் நிலையத்திலும் விமான நிலையத்திலும் கண்ட இடத்தில் சார்ஜ் போடும்போது தகவலைத் திருடுவதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட மோசடி விழிப்புணர்வுக் கையேட்டிலும் எச்சரித்திருக்கிறார்கள். அதனால் "எப்போதும் ஃபைல் டிரான்ஸ்ஃபர்" என்று நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் யோசனையை நான் யாருக்கும் சொல்வதில்லை. டெவலப்பர் ஆப்ஷனில் அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு தட்டு தட்டினால் குறைந்துபோக மாட்டோம்.

இரண்டு முனையும் டைப் சியாக இருக்கும் கேபிளை லேப்டாப்பில் செருகினால் ஒரு வேடிக்கை நடக்கும். யார் யாருக்கு எஜமான் என்பதில் குழப்பம் வந்து, போனே லேப்டாப்புக்குக் கரன்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். போனின் யூஎஸ்பி அமைப்பில் "கட்டுப்படுத்துவது: இந்தச் சாதனம்" என்று இருந்தால் "இணைக்கப்பட்ட சாதனம்" என்று மாற்றுங்கள். மாறாவிட்டால் ஒரு முனை பழைய பட்டை யூஎஸ்பி, மறுமுனை டைப் சி என்று இருக்கும் கேபிளைப் போடுங்கள், சண்டையே வராது.

இப்போதுதான் கம்ப்யூட்டருக்கு வருகிறேன். உங்களுடையது டெஸ்க்டாப் என்றால் முன்பக்க ஓட்டைகளை நம்பாதீர்கள். அவை உள்ளே நீளமான வயரில் மதர்போர்டோடு இணைந்திருக்கும், பட்டறை அதிர்ச்சியில் அந்த இணைப்பு தளர்ந்திருக்கலாம். பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் ஓட்டையில் செருகுங்கள். நடுவில் ஒரு ஓட்டையைப் பலவாக்கும் ஹப் இருந்தால் கழற்றிவிடுங்கள். உங்கள் போன், கூட்டாளியின் ஐபோன் இரண்டுமே இதே கம்ப்யூட்டரில் தகராறு செய்கின்றன என்று எழுதியதால் இந்த இடத்தை நன்றாகப் பாருங்கள். இரண்டையும் ஒருமுறை வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீரும். அங்கே இரண்டும் வந்தால் போன்கள் மேல் பழி இல்லை.

விண்டோஸ் பொத்தானையும் எக்ஸ் எழுத்தையும் சேர்த்து அழுத்தினால் வரும் மெனுவில், கம்ப்யூட்டரோடு இணைந்த சாதனங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு போனைச் செருகுங்கள். பட்டியல் ஒரு தடவை சிமிட்டுகிறதா என்று கவனியுங்கள். சிமிட்டவே இல்லையென்றால் கம்ப்யூட்டருக்குச் சேதி போகவில்லை, மறுபடியும் கேபிள், ஓட்டை என்று திரும்புங்கள். "அன்நோன் யூஎஸ்பி டிவைஸ்" என்றும் அதன் உள்ளே கோட் 43 என்ற பிழை எண்ணும் வந்தால், சேதி போகிறது, ஆனால் குளறுபடியாகப் போகிறது. அதற்கும் முதல் சந்தேகம் கேபிளும் அழுக்கும்தான், டிரைவர் அப்புறம். "போர்ட்டபிள் டிவைசஸ்" என்பதன் கீழே போனின் பெயரோ "எம்டிபி" என்றோ வந்து மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் மட்டும் டிரைவரில் கை வையுங்கள். அதன்மேல் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து, போனைக் கழற்றி, கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து மறுபடி செருகுங்கள். அப்போதும் முக்கோணம் போகாவிட்டால் அப்டேட் டிரைவர் என்பதில் போய், இணையத்தில் தேடச் சொல்லாமல், கம்ப்யூட்டரிலேயே இருக்கும் பட்டியலிலிருந்து "எம்டிபி யூஎஸ்பி டிவைஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸோடு வரும் டிரைவர் இது, வெளியிலிருந்து எதையும் இறக்க வேண்டியதில்லை. "ஒரே கிளிக்கில் எல்லா டிரைவரும்" என்று கூப்பிடும் மென்பொருள்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

ஐரோப்பாவிலிருந்து உறவினர் கொண்டுவந்த லேப்டாப் என்றால் ஒரு கூடுதல் சங்கதி. அங்கே விண்டோஸில் பெயருக்குப் பின்னால் N என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு பதிப்பு உண்டு. அதில் மீடியா வசதிகள் நீக்கப்பட்டிருப்பதால் எம்டிபியும் வேலை செய்யாது. செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் பகுதியில் மீடியா ஃபீச்சர் பேக் சேர்த்தால் சரியாகும். அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் முயற்சியே வேண்டாம், பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ் கம்பெனிகளில் போன் இணைப்பைப் பூட்டித்தான் கொடுப்பார்கள். அது கோளாறு இல்லை, உத்தரவு.

கூட்டாளியின் ஐபோனுக்குத் தனி வழி. செருகியதும் போன் திரையில் "இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா" என்று கேட்கும், நம்பலாம் என்று தட்டி கடவு எண் போட வேண்டும். அவசரத்தில் வேண்டாம் என்று தட்டியிருந்தால் கழற்றிச் செருகினால் மறுபடி கேட்கும். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஆப்பிள் டிவைசஸ் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், அதோடு தேவையான டிரைவரும் வரும். படம் தெரிகிறது, ஆனால் நகலெடுக்கும்போது நடுவில் "சாதனம் வேலை செய்யவில்லை" என்று அறுந்துபோனால், ஐபோன் செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் கடைசியில் "மேக் அல்லது பிசிக்கு மாற்றுதல்" என்ற இடத்தில் "கீப் ஒரிஜினல்ஸ்" வையுங்கள். போகிற போக்கில் படங்களை வேறு வடிவத்துக்கு மாற்ற முயன்று திணறுவதுதான் அந்தப் பிழை. ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுடில் இடம் மிச்சப்படுத்தும் வசதி ஆன் ஆகியிருந்தால் அசல் படங்கள் போனிலேயே இல்லாமலும் இருக்கலாம்.

உங்கள் போன் கம்ப்யூட்டரில் வந்த பிறகும் பொறுமை வேண்டும். கேமரா ஃபோல்டரில் ஆயிரக்கணக்கில் படம் இருந்தால் பச்சைக் கோடு ஊர்ந்துகொண்டே இருக்கும், காலி மாதிரித் தெரியும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள். மொத்தமாக அள்ளாமல் இருநூறு முன்னூறாக நகலெடுங்கள். "கட்" செய்து ஒட்டவே ஒட்டாதீர்கள், நடுவில் அறுந்தால் எது எங்கே என்று தெரியாது. நகலெடுத்து, திறந்து பார்த்து, அதற்குப் பிறகு போனில் அழியுங்கள்.

இதெல்லாம் பார்க்க நேரம் இல்லை, இன்றைக்கே கேட்டலாக் போக வேண்டும் என்றால், டைப் சி முனை உள்ள பென்டிரைவ் ஒன்று வாங்கிப் போனில் செருகுங்கள். படங்களை அதில் போட்டுக் கம்ப்யூட்டரில் எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் கூகுளின் குயிக் ஷேர் விண்டோஸிலும் கிடைக்கிறது, கேபிளே தேவையில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பி எடுப்பதாக இருந்தால் படமாக அனுப்பாமல் டாக்குமென்டாக அனுப்புங்கள். இல்லாவிட்டால் தோலின் தையல் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் படம் சுருங்கிவிடும்.

அந்தப் பென்டிரைவ் ஒரு மருத்துவப் பரிசோதனையும்கூட. போன் அதைப் படித்தால் போனின் தகவல் முனைகள் நன்றாகத்தான் இருக்கின்றன, குற்றவாளி கேபிளோ கம்ப்யூட்டரோ. நல்ல பென்டிரைவைத் திருப்பிச் செருகியும் படிக்கவில்லை, சுத்தம் செய்தும் படிக்கவில்லை, வேறு இரண்டு கம்ப்யூட்டரிலும் போன் வரவில்லை என்றால்தான் போனைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் அந்த ஓட்டை ஒரு சின்னத் தனிப் பலகையில் இருக்கும், மதர்போர்டைத் தொடாமல் அதை மட்டும் மாற்றலாம். கடையில் "சார்ஜிங் போர்டு மாத்தணும், டேட்டா வரல" என்று சொல்லுங்கள். "சார்ஜ் ஆகல" என்று சொன்னால் செருகிப் பார்த்துவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள். படங்களைப் பென்டிரைவில் எடுக்க முடியாத நிலை என்பதால் அதற்கு முன்பே வைஃபை வழியாக எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். போனின் கடவு எண்ணைக் கடையில் எழுதிக் கொடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள். வேலை முடிந்ததும் நீங்கள் கொண்டுபோன டேட்டா கேபிளில் அவர்கள் கம்ப்யூட்டரில் செருகி, ஃபோல்டர் திறந்து, ஒரு பைப் படத்தையாவது பார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.